போனால் போகட்டும் என்ற பேரரசர்

எகிப்து கைவிட்டுப் போய்விட்டது என்று சேதி வருகிறது. "அதனால் என்ன, எகிப்து லினன் துணி இல்லாமல் நாம் இருக்க முடியாதா?" என்கிறார் பேரரசர். அப்புறம் கௌல் நாடு, அதாவது இன்றைய பிரான்ஸ், பிரிந்து போய்விட்டது என்று சேதி. அதற்கும் சிரிப்புத்தான். அந்த ஊர்க் கம்பளி மேலங்கி வராவிட்டால் ரோமுக்கு ஆபத்தா என்று கேட்கிறார். பெற்ற தகப்பன் எதிரியிடம் சிறைப்பட்டார் என்று தெரிந்தபோதும், என் தந்தை சாகப் பிறந்தவர்தானே, எனக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாராம்.

இந்தப் பேரரசர் கல்லியேனஸ். கி.பி. 253 முதல் 268 வரை ஆண்டவர். கதைகளைச் சொல்வது 'ஹிஸ்டோரியா அகுஸ்டா' என்ற லத்தீன் நூல். பழத்தால் கோட்டை கட்டி விளையாடினார், நடுக்குளிர்காலத்தில் முலாம்பழம் பரிமாறினார், தலைமுடியில் பொன்துகள் தூவிக்கொண்டார் என்றெல்லாம் அதில் இன்னும் நிறைய உண்டு. படிக்கச் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் ஆறு ஆசிரியர்கள் எழுதியதாகக் காட்டிக்கொள்ளும் அந்த நூலை எழுதியது ஒரே ஆள், அதுவும் சம்பவங்கள் நடந்து நூறாண்டுக்கு மேல் கழித்து, என்று 1889இல் ஹெர்மன் டெஸ்ஸாவ் என்ற ஜெர்மானிய அறிஞர் வாதிட்டார். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஒப்புக்கொள்கிறார்கள். நூலில் வரும் கடிதங்களில் பல, அந்த ஆளே கற்பனையாக எழுதிச் சேர்த்தவை.

ஆக, லினன் துணிக் கதையை யாரும் அப்படியே நம்பத் தேவையில்லை. ஆனாலும் அதைத் தூக்கி எறியவும் எனக்கு மனம் வரவில்லை. கேலி செய்வதற்காகக் கட்டிய அந்தக் கதைக்குள் கல்லியேனஸின் அரசியல் முழுவதும் ஒளிந்திருக்கிறது. எதை விட்டுவிடலாம், எதை விடவே கூடாது என்று கணக்குப் போட்டே 15 ஆண்டுகள் தாக்குப்பிடித்தவர் அவர். 235 முதல் 284 வரையிலான 49 ஆண்டு நெருக்கடியில், செனட் ஒப்புக்கொண்ட பேரரசர்களே 20 பேருக்கு மேல். அவர்களில் இத்தனை காலம் அரியணையில் இருந்தவர் வேறு யாரும் இல்லை.

அவர் கைக்கு வந்த நாடு எப்படி இருந்தது? 251இல் டேசியஸ் என்ற பேரரசர் அப்ரிட்டஸ் என்ற இடத்தில் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாரோடு மோதி இறந்துபோனார். அன்னிய எதிரியோடு போரிட்டுக் களத்திலேயே மாண்ட முதல் ரோமப் பேரரசர் அவர். அதே சமயத்தில் ஒரு கொள்ளைநோய் வேறு. கார்தேஜ் நகர ஆயர் சிப்ரியன் அதன் அறிகுறிகளை விவரித்து வைத்ததால் அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. அலெக்சாந்திரியா ஆயர் டயோனிசியஸின் கடிதம் ஒன்று அந்த நோய் செய்த நாசத்தைப் பட்டென்று காட்டிவிடும். நகரத்தில் தானியம் வாங்கத் தகுதியுள்ளவர்களின் பட்டியல் இருந்தது. முன்பு 40 வயது முதல் 70 வரை உள்ளவர்கள் எத்தனை பேர் இருந்தார்களோ, இப்போது 14 முதல் 80 வரை எல்லோரையும் சேர்த்தாலும் அத்தனை பேர் தேறவில்லை என்று எழுதுகிறார்.

வடக்கே ரைன், டான்யூப் நதிகளைத் தாண்டி அலமன்னி, ஃபிராங்க், கோத்து இனத்தார் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். கிழக்கே பாரசீகத்தில் சாசானிய வம்சம் புது வேகத்தில் எழுந்திருந்தது. 253இல் படைவீரர்கள் வலேரியன் என்ற மூத்த செனட்டரைப் பேரரசராக உயர்த்தினார்கள். ஒரே ஆள் இரண்டு பக்கமும் ஓட முடியாது என்பது வலேரியனுக்குத் தெரிந்திருந்தது. கிழக்கைத் தான் எடுத்துக்கொண்டு, மேற்கை 35 வயது மகன் கல்லியேனஸிடம் இணைப் பேரரசர் பட்டத்தோடு ஒப்படைத்தார். மகன் முதலில் டான்யூப் கரையிலும் பிறகு ரைன் கரையில் கொலோன் நகரிலும் இருந்தபடி எல்லையைக் காத்தார். அரண்மனையில் பழக்கோட்டை கட்ட அவருக்கு நேரம் இருந்திருக்காது.

260ஆம் ஆண்டில் எல்லாம் தலைகீழானது. எதெஸ்ஸா நகருக்கு அருகே, இன்றைய தென்கிழக்குத் துருக்கியில், வலேரியன் பாரசீக மன்னர் முதலாம் ஷாபூரிடம் உயிரோடு பிடிபட்டார். ரோமப் பேரரசர் ஒருவர் எதிரியிடம் கைதியானது அதுவே முதல் முறை. ஷாபூர் இதை உலகமே அறியும்படி செய்தார். நக்ஷ்-ஏ ருஸ்தம் பாறையில் சிற்பமாகச் செதுக்கினார். பக்கத்திலேயே மூன்று மொழிகளில் கல்வெட்டும் வைத்து, 70,000 பேர் கொண்ட ரோமப் படையை முறியடித்ததாகவும் வலேரியனைத் தன் கையாலேயே பிடித்ததாகவும் எழுதச் செய்தார். அதன்பின் வலேரியன் நாடு திரும்பவே இல்லை. ஷாபூர் குதிரையேறும்போது அவர் முதுகை மிதித்து ஏறினார், இறந்தபின் தோலை உரித்துக் கோயிலில் தொங்கவிட்டார் என்று பிற்காலக் கிறித்தவ எழுத்தாளர் லாக்டான்ஷியஸ் சொல்கிறார். கிறித்தவர்களைக் கொன்ற வலேரியனுக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று காட்டுவதுதான் அவர் நோக்கம். அதனால் கொஞ்சம் தள்ளி நின்றே கேட்க வேண்டிய கதை இது.

தலைநகரில் இருந்தவர்களுக்கு இந்தச் சேதி எப்படி இருந்திருக்கும்? பேரரசர் செத்திருந்தால்கூட ஒரு வழி உண்டு. துக்கம் கொண்டாடிவிட்டு அடுத்தவரை அமர்த்தலாம். உயிரோடு எதிரி கையில் இருப்பவரை என்ன செய்வது? படைகள் தங்களுக்குத் தெரிந்த ஒரே பதிலைத் தந்தன. ஒவ்வொரு படையும் தன் தளபதியைப் பேரரசராக அறிவித்தது.

டான்யூப் கரையில் முதலில் இங்கெனுவஸ், அவரை அடக்கியதும் ரெகாலியானஸ். கிழக்கே மக்ரியானஸ் என்ற நிதி அதிகாரி. அவருக்குக் கால் ஊனம் என்பதால் அரியணையில் தான் ஏறாமல் இரண்டு மகன்களை ஏற்றினார். எகிப்து அந்தப் பிள்ளைகள் பக்கம் போனது. ரைன் கரையில் போஸ்துமஸ். இதற்கிடையே அலமன்னி இனத்தார் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். கல்லியேனஸ் மிலான் அருகே அவர்களை மடக்கித் தோற்கடித்தார். எதிரிகள் 3 லட்சம், கல்லியேனஸிடம் 10,000 பேர் என்று பைசாந்திய வரலாற்றாசிரியர் சோனாரஸ் எழுதுகிறார். அந்த 3 லட்சத்தை நான் நம்பவில்லை. ஆனால் படையெடுப்பு பெரியது என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. 1992இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு பலிபீடம் தோண்டியெடுக்கப்பட்டது. 260 ஏப்ரல் 24, 25 தேதிகளில் நடந்த போரில், ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஜெர்மானியக் கூட்டத்தை வழிமறித்து, அவர்கள் பிடித்துச் சென்ற பல ஆயிரம் இத்தாலியரை மீட்டோம் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். நம் கதைக்கு முக்கியமான விஷயம், அந்தப் பீடத்தில் மரியாதை செய்யப்படும் பேரரசரின் பெயர். அது கல்லியேனஸ் அல்ல, போஸ்துமஸ்.

போஸ்துமஸ் கிளர்ச்சி செய்த காரணமும் இதே மாதிரி ஒரு கொள்ளைப் பொருள் தகராறுதான். எதிரியிடமிருந்து மீட்ட பொருட்களை அவர் தன் வீரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார். கொலோனில் கல்லியேனஸின் சின்ன மகன் சலோனினஸ் பட்டத்தோடு இருந்தான். அவனுக்குக் காப்பாளராக இருந்த சில்வானஸ், அத்தனையையும் திருப்பிக் கொடுங்கள் என்று உத்தரவிட்டார். கைக்கு வந்ததை எந்தச் சிப்பாய் திருப்பிக் கொடுப்பான்? நகரை முற்றுகையிட்டு இருவரையும் கொன்றுவிட்டார்கள். கல்லியேனஸின் மூத்த மகன் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே இறந்திருந்தான். ஆக அந்த ஒரே ஆண்டில் அப்பா எதிரியின் சிறையில், பிள்ளை பிணமாக, நாட்டில் முக்கால்வாசி அடுத்தவர் கையில்.

சரி, இந்த நிலையில் என்ன செய்யலாம்? ரோமப் பேரரசர் செய்ய வேண்டியது என்று எல்லோரும் எதிர்பார்த்தது, படையைத் திரட்டிக்கொண்டு கிழக்கே போய் அப்பாவை மீட்பது, குறைந்தபட்சம் பழிவாங்குவது. கல்லியேனஸ் போகவில்லை. போயிருந்தால் இத்தாலி காலியாகியிருக்கும். போஸ்துமஸ் ரோமுக்கு வந்திருப்பார், இல்லையென்றால் அலமன்னி வந்திருப்பார்கள். மகனாகத் தவறலாம், பேரரசராகத் தவற முடியாது என்ற கணக்கு. ரோமானியர்கள் இதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

கிழக்கைப் பார்த்துக்கொள்ள அவர் கண்டுபிடித்த ஆள் சிரியப் பாலைவனத்து வணிக நகரமான பல்மைராவின் தலைவர் ஒதேனாத்தஸ். இவர் முதலில் ஷாபூருக்கே காணிக்கை அனுப்பி நட்புத் தேடியதாகவும், ஷாபூர் அந்தப் பொருட்களை ஆற்றில் வீசச் சொன்னதாகவும் ஒரு பைசாந்தியக் குறிப்பு உண்டு. எப்படியோ, ஒதேனாத்தஸ் ரோமின் பக்கம் நின்றார். எமெஸா நகரில் இருந்த மக்ரியானஸின் இளைய மகன் கதையை முடித்தார். மூத்தவனும் அப்பாவும் ஏற்கெனவே பால்கனில் கல்லியேனஸின் படையிடம் விழுந்திருந்தார்கள். அப்புறம் பாரசீகருக்குள்ளேயே புகுந்து நிஸிபிஸ் நகரை மீட்டு, அவர்களுடைய தலைநகர் டெசிஃபோன் வாசல் வரை போய் வந்தார். கல்லியேனஸ் அவருக்குக் கிழக்கு முழுவதையும் மேற்பார்வையிடும் பட்டம் ஒன்றைக் கொடுத்தார். ரோமின் கணக்கில் செலவு, அந்தப் பட்டம்தான். உள்ளூர்க்காரர் ஒருவர் தன் படையோடு எல்லையைக் காக்கிறார், பேருக்கு ரோமின் அதிகாரி. இதை அவமானமாகப் பார்த்தவர்கள் உண்டு. எனக்கு இது நல்ல குத்தகையாகத்தான் படுகிறது.

மேற்கே போஸ்துமஸ் விஷயம் வேறு மாதிரி. கௌல், பிரிட்டன், கொஞ்ச காலம் ஸ்பெயின் என்று ஒரு தனிப் பேரரசே நடத்தினார் அவர். ஆனால் ரோமைப் பிடிக்க ஆல்ப்ஸைத் தாண்டவில்லை. ரைன் எல்லையைத் தன் செலவில் காத்துக்கொண்டிருந்தார். 265 வாக்கில் கல்லியேனஸ் அவர்மீது படையெடுத்துப் போனார். மகனைக் கொன்றவன் என்ற ஆத்திரம் இல்லாமலா இருக்கும்? முற்றுகையின்போது அம்பு பாய்ந்து காயமடைந்து திரும்பினார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. ரைனுக்கும் டான்யூபுக்கும் இடைப்பட்ட முக்கோண நிலப்பகுதி இந்தக் காலத்தில்தான் ரோமின் கையைவிட்டு நிரந்தரமாகப் போனது.

இப்போது லினன் துணிக்கு வருவோம். எகிப்து என்றால் ரோமுக்கு லினன் அல்ல, சோறு. தலைநகர மக்களுக்கு இலவசமாகக் கொடுத்த தானியத்தில் பெரும் பங்கு எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்தது. மக்ரியானஸ் குடும்பம் விழுந்த பிறகு எகிப்தின் ஆளுநர் எமிலியானஸ் தலைதூக்கியபோது, கல்லியேனஸ் துணி இல்லாமல் இருக்க முடியாதா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தியோடோட்டஸ் என்ற தளபதியை அனுப்பி அந்த ஆளைப் பிடித்து முடித்துவிட்டார். கௌல் போகலாம், அதைப் போஸ்துமஸ் காப்பார். சிரியா போகலாம், அதை ஒதேனாத்தஸ் காப்பார். எகிப்து போகக்கூடாது. இத்தாலி, பால்கன், ஆப்பிரிக்கா, எகிப்து என்ற நடுத்துண்டு அவர் கையில் கடைசிவரை இருந்தது. கதை கட்டியவர் எகிப்தையும் கௌலையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்.

அந்த நடுத்துண்டிலிருந்து வரும் வரியை வைத்துத்தான் எல்லாப் போருக்கும் சம்பளம். அது போதவில்லை. வழக்கமான குறுக்குவழிதான்: காசில் வெள்ளியைக் குறைப்பது. அன்றைய புழக்கக் காசான அன்டோனினியானஸ், 215இல் காரகல்லா வெளியிட்டபோது ஏறக்குறைய பாதி வெள்ளி. கல்லியேனஸின் கடைசி ஆண்டுகளில் அதில் வெள்ளி 5 சதவீதத்துக்கும் கீழே. செம்புக் காசுக்கு மேலே வெள்ளிப் பூச்சு, அதுவும் கொஞ்ச நாளில் உரிந்துவிடும். மக்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் ஓலை போதும். 260 நவம்பர் மாதத்து உத்தரவு அது. அப்போது மக்ரியானஸின் பிள்ளைகள் ஆட்சி. காசு மாற்றுகிறவர்கள் பேரரசர்களின் காசை வாங்க மாட்டோம் என்று கடையை மூடிவிட்டார்களாம். உடனே கடையைத் திற, அப்பட்டமான கள்ளக்காசு தவிர எல்லாவற்றையும் வாங்கு, மறுத்தால் தண்டனை என்கிறார் அதிகாரி. அரசாங்கம் இப்படி உத்தரவு போடும் அளவுக்கு வந்துவிட்டால் அந்தக் காசின் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில் நம் பக்கத்துச் செய்தி ஒன்று. கொங்கு நாட்டில் புதையல் புதையலாகக் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகள் பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. நீரோ 64இல் காசின் எடையையும் வெள்ளியையும் குறைத்த பிறகு, இங்கிருந்த வணிகர்கள் பழைய காசையே கேட்டு வாங்கினார்கள் என்பது நாணயவியலாளர்கள் தரும் விளக்கம். நீரோ குறைத்தது கொஞ்சம்தான். அதற்கே முகம் சுளித்தவர்கள் கல்லியேனஸின் காசைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்!

காசில் தோற்றவர் படையில் தோற்கவில்லை. எல்லை நெடுக நிற்கும் படை ஓர் இடத்தில் உடைந்தால், உள்ளே தடுக்க ஆளே இல்லை என்பதை 260 காட்டிவிட்டது. அதனால் மிலானை மையமாக வைத்து வேகமாக நகரும் ஒரு குதிரைப்படையைத் திரட்டினார். டால்மேஷியக் குதிரைவீரர்கள், மூர் இனத்து ஈட்டி வீரர்கள் இதில் பேர் பெற்றவர்கள். மிலானிலிருந்து ஆல்ப்ஸ் கணவாய்களுக்கும் போகலாம், பால்கனுக்கும் போகலாம். பிற்காலத்து நடமாடும் படைக்கு இதுதான் முன்னோடியா, அந்தந்த நேரத்துக்குச் சேர்த்த கூட்டம்தானா என்று ஆய்வாளர்களிடையே இன்னும் சர்ச்சை உண்டு. அந்த நேரத்துக்கு அது வேலை செய்தது என்பதில் சர்ச்சை இல்லை.

ஆனால் அவர் பெயரைக் கெடுத்த முடிவு வேறொன்று. ரோமில் ஒரு படையணிக்குத் தலைமை தாங்குபவர் செனட்டராக இருக்க வேண்டும் என்பது நூற்றாண்டுகள் பழைய வழக்கம். நல்ல குடும்பத்துப் பிள்ளை இளமையில் சில காலம் படையில் பதவி வகிப்பார், அப்புறம் நீதித்துறை, அப்புறம் மாகாண ஆளுநர். அமைதிக் காலத்தில் இது சரி. ஆண்டுக்கு ஐந்து போர் என்ற காலத்தில், போர் என்றால் என்னவென்று தெரியாதவரிடம் படையைக் கொடுத்தால் என்ன ஆகும்? கல்லியேனஸ் அந்த வழக்கத்தை நிறுத்தினார். படைத் தலைமை, செனட்டர்களுக்கு அடுத்த படியில் இருந்த குதிரைவீரர் வகுப்பாருக்குப் போனது. அந்த வகுப்புக்குள் நுழைய, சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர்களுக்கும் வழி இருந்தது. செஞ்சூரியனாக, அதாவது சிறு படைப்பிரிவின் தலைவனாக, இருந்த வொலூசியானஸ் 261இல் பேரரசரோடு சேர்ந்து, ரோமின் மிக உயர்ந்த பதவியான கான்சல் பதவி வகித்தார், பின்னாளில் ரோம் நகரின் தலைமை நிர்வாகியும் ஆனார். டான்யூப் கரை விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்த கிளாடியஸ், ஔரேலியன் போன்றவர்கள் தளபதிகள் ஆனார்கள்.

நூறாண்டு கழித்து எழுதிய அவ்ரேலியஸ் விக்டர் இதைப் பற்றிப் பேசும்போது கோபத்தை மறைக்கவில்லை. தன் சோம்பலால் அரியணை மேன்மக்கள் கைக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் செனட்டர்களைப் படைப் பக்கமே வரவிடாமல் செய்துவிட்டார் என்கிறார். இந்த வரியை வைத்துக்கொண்டு மற்ற கதைகளைத் திரும்பப் படித்தால், பழக்கோட்டையும் பொன்துகளும் எங்கிருந்து வந்தன என்பது விளங்கும். லத்தீனில் வரலாறு எழுதியவர்களும் படித்தவர்களும் செனட் வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள், அல்லது அதை அண்ணாந்து பார்த்தவர்கள். அவர்கள் வேலையைப் பறித்தவரை அவர்கள் எப்படி எழுதுவார்கள்? கிரேக்கத்தில் எழுதியவர்களிடம் இந்தக் காட்டம் இல்லை. சோனாரஸ் அவரைப் பெருந்தன்மையானவர் என்றே காட்டுகிறார்.

எதைச் செய்தாலும் வசைதான். டான்யூப் கரையில் மார்க்கோமன்னி இனத்தாரோடு சமாதானம் பேசி, அவர்களில் ஒரு பகுதியை எல்லைக்குள் குடியேற்றி, அவர்களுடைய தலைவரின் மகள் பிப்பாவை ஏற்றுக்கொண்டார். எல்லைக் காவலுக்கான உடன்படிக்கை அது. வரலாற்றில் பதிவானது, காட்டுமிராண்டிப் பெண்ணின் மையலில் விழுந்தார் என்று.

மதத்திலும் அப்பாவின் கொள்கையை அவர் தொடரவில்லை. வலேரியன் 257, 258 ஆண்டுகளில் கிறித்தவர்களுக்கு எதிராக ஆணைகள் பிறப்பித்தார். ரோம் ஆயர் இரண்டாம் சிக்ஸ்டஸும் கார்தேஜ் ஆயர் சிப்ரியனும் கொல்லப்பட்டது அப்போதுதான். கல்லியேனஸ் தனியாட்சிக்கு வந்ததும் அதை நிறுத்தி, வழிபாட்டு இடங்களையும் கல்லறைகளையும் திருப்பிக் கொடுத்தார். எகிப்திய ஆயர்களுக்கு அவர் எழுதிய பதில் கடிதத்தைத் திருச்சபை வரலாறு எழுதிய யுசீபியஸ் பாதுகாத்து வைத்திருக்கிறார். 303 வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், பெரிய துன்புறுத்தல் இல்லை. அவருக்குக் கிறித்தவத்தில் ஈடுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. இருக்கிற தலைவலி போதும் என்று நினைத்திருக்கலாம்.

அவர் மனம் ஈடுபட்டது கிரேக்கத் தத்துவத்தில். ரோமில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த புளோட்டினஸை அவரும் அரசி சலோனினாவும் மிகவும் மதித்தார்கள். கம்பானியாவில் பாழடைந்து கிடந்த ஓர் ஊரைப் புதுப்பித்துக் கொடுத்தால், பிளேட்டோவின் சட்டங்களின்படி அங்கே வாழ்ந்து காட்டுகிறோம், பிளேட்டோனோபொலிஸ் என்று பெயர் வைப்போம் என்று புளோட்டினஸ் கேட்டாராம். அரசவையில் யாரோ தடுத்துவிட்டதாக அவருடைய மாணவர் போர்ஃபிரி எழுதுகிறார். தடுத்தவர் யாராக இருந்தாலும் கஜானாவுக்கு நல்லது செய்தார். 264 வாக்கில் கல்லியேனஸ் ஏதென்ஸ் போய், அந்த நகரின் தலைமை அதிகாரி பதவியை ஏற்று, பழைய கிரேக்க வழிபாடான எலூசிஸ் மறைச்சடங்கிலும் தீட்சை பெற்றுக்கொண்டார்.

நான்கு ஆண்டுகளுக்குள் அந்த ஏதென்ஸ் எரிந்தது. கருங்கடல் வழியாகக் கப்பலில் வந்த ஹெருலி இனத்தார் நகரைச் சூறையாடினார்கள். கல்லியேனஸ் பால்கனுக்கு விரைந்து நெஸ்டஸ் ஆற்றருகே அவர்களை முறியடித்தார். சரணடைந்த தலைவன் நவுலோபட்டஸுக்குக் கான்சல் மரியாதை கொடுத்து முடித்துக்கொண்டார். துரத்திப்போய் மிச்சத்தையும் முடிப்பதற்குள், மிலானிலிருந்து சேதி. குதிரைப்படையை ஆண்டுக்கணக்கில் நடத்திய ஔரியோலஸ் கட்சி மாறிவிட்டார். போஸ்துமஸ் பெயரில் மிலானில் காசு அடிக்கிறார். அந்தக் காசுகளில் குதிரைப்படையின் ஒற்றுமை, குதிரைப்படையின் விசுவாசம் என்றெல்லாம் பொறித்திருந்தது. கல்லியேனஸ் உருவாக்கிய படையின் விசுவாசத்தை அவருடைய பகைவர் பெயரில் அச்சடித்த காசு!

268இல் கல்லியேனஸ் திரும்பி வந்து ஔரியோலஸை மிலானுக்குள் முடக்கி முற்றுகையிட்டார். ஆனால் அவருடைய கூடாரத்தைச் சுற்றியே சதி தயாராகிக்கொண்டிருந்தது. காவற்படைத் தலைவர் ஹெராக்லியானஸ், தளபதி மார்சியானஸ், டால்மேஷியக் குதிரைப்படைத் தலைவர் ஒருவர். கிளாடியஸுக்கும் தெரியும் என்கிறவர்கள் உண்டு. இரவு உணவில் இருந்தவரிடம், எதிரி கோட்டையைவிட்டு வெளியே பாய்ந்து வருகிறான் என்று பொய்ச் சேதி சொன்னார்கள். கவசத்துக்கும் காவலுக்கும் காத்திராமல் குதிரையில் தாவிக் கிளம்பினார். இருட்டில் அவருடைய ஆட்களே குத்திக் கொன்றார்கள். பெண்பித்தர், சோம்பேறி என்று வர்ணிக்கப்பட்டவர், எதிரி வருகிறான் என்றதும் சோற்றை விட்டு எழுந்து ஓடுவார் என்பதுதான் அந்தச் சதித் திட்டத்தின் அச்சாணி. கொலைகாரர்களுக்கு அவரை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சிப்பாய்கள் கொந்தளித்தார்கள். தலைக்கு 20 பொற்காசு கொடுத்து அடக்கியதாகச் சொல்லப்படுகிறது. ரோமில் செனட் குதூகலித்தது. அவருடைய ஆட்களையும் உறவினரையும் குற்றவாளிகளைத் தண்டிக்கும் இடமான கெமோனியப் படிகளில் உருட்டிக் கொன்றது. கடைசி மகனும் தம்பியும் உயிர் தப்பவில்லை. புதுப் பேரரசர் கிளாடியஸ்தான், போதும் நிறுத்துங்கள் என்று சொல்லி, கல்லியேனஸைத் தெய்வமாக அறிவிக்கவும் செய்தார். படையைச் சமாதானப்படுத்த அது தேவைப்பட்டது.

அப்புறம் நடந்தது அவருடைய பெயருக்கு இன்னொரு கெடுதல். 310இல் கான்ஸ்டன்டைன், தான் கிளாடியஸின் வம்சம் என்று ஒரு வம்சாவளியைக் கண்டுபிடித்துக்கொண்டார். அதோடு கிளாடியஸ் அப்பழுக்கற்ற மாவீரராக மாறியாக வேண்டும். மாவீரர் சதியில் பங்கெடுத்திருக்கக் கூடாது. அவருக்கு முன் இருந்தவர் கொலையாகத் தகுந்தவராகவும் இருக்க வேண்டும். சாகும் தறுவாயில் கல்லியேனஸே அரச சின்னங்களைக் கிளாடியஸுக்கு அனுப்பிவைத்தார் என்ற கதை இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும். கிளாடியஸுக்குக் 'கோத்திக்கஸ்', அதாவது கோத்துகளை வென்றவர், என்ற பட்டம் வாங்கித் தந்த, பால்கனில் நடந்த நாயிஸஸ் போர் வெற்றியிலேயே கல்லியேனஸின் பங்கு எவ்வளவு என்று சிலர் கேட்கிறார்கள்.

கிளாடியஸ் 270இல் கொள்ளைநோயில் இறந்தார். அவருக்குப் பின் வந்த ஔரேலியன், ஒதேனாத்தஸின் விதவை ஸெனோபியாவிடமிருந்து கிழக்கையும், 274இல் கௌலையும் மீட்டு, உலகை மீட்டவர் என்ற பட்டம் பெற்றார். அந்தப் படையும் அதன் தளபதிகளும் கல்லியேனஸ் தேர்ந்தெடுத்து வளர்த்தவை. விட்டு வைத்த துண்டுகளும் உடையாமல் முழுசாகவே இருந்தன. போஸ்துமஸும் ஒதேனாத்தஸும் காத்து வைத்திருந்தார்கள்.

ரோமில் எஸ்குவிலின் குன்றில், சான் வீதோ தேவாலயத்தை ஒட்டி, ஒரு பழைய கல் வளைவு நிற்கிறது. அகஸ்டஸ் காலத்து நகர வாயில் அது. பின்னால் அதில் கல்லியேனஸுக்கும் சலோனினாவுக்கும் ஒரு வாழ்த்தைப் பொறித்தார்கள். தோல்வி காணாத இவருடைய வீரத்தை வென்றது இவருடைய 'பியேத்தாஸ்' மட்டுமே என்று எழுதியிருக்கிறது. லத்தீனில் அந்தச் சொல்லுக்குத் தெய்வத்துக்கும் நாட்டுக்கும் பெற்றவர்களுக்கும் செய்ய வேண்டிய கடமை என்று பொருள். தந்தையை மீட்கப் போகாத மகனுக்கு அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து வைத்தவர் மார்க்கஸ் அவ்ரேலியஸ் விக்டர் என்ற அதிகாரி. பெயர் ஒத்துப்போகிறதே தவிர, வரலாறு எழுதியவர் வேறு, இவர் வேறு. இவர் செனட்டர் அல்ல, குதிரைவீரர் வகுப்பைச் சேர்ந்தவர்.